மூன்றாவது விரல்

அரசாங்கம் ஏழை எளியவர்களை ஒருநாளும் மறப்பதில்லை. எழுத்தும் எண்ணும் தெரியாத மக்கள் கடைத்தெருவில் ஏமாந்து போய்விடக் கூடாதே என்பதற்காகத்தான் புதிதாக அடித்த சில்லறைக் காசுகளில் கையின் படத்தைப் போட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு ரூபாய் என்றால் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். இரண்டு ரூபாய் என்றால் இரண்டு விரல். ஓர் அரசாங்கம் தன் குடிமக்களோடு இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. இந்த ஏற்பாடு நாட்டில் எல்லாருக்கும் ஆகிவந்தது. கதிரவனுக்கு மட்டும் ஆகிவரவில்லை.

கதிரவன் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தான். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரசு வேலைக்கான பரீட்சை எழுதுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டிருந்தவன். குடும்பத்தை ஓட்டியது அவன் மனைவி ரேகா. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. அங்கே விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம். ராத்திரி அவள் வீங்கின கால்களோடு மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டால், கதிரவன் பொது அறிவுப் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொள்வான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

2008ஆம் வருஷம் ஒருவழியாக அவனுக்கு ஆர்டர் வந்தது. இளநிலை உதவியாளர். அடுத்த மாதம் முதல் தேதி சிதம்பரத்தில் சேர வேண்டும். சேரும்போது காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கொண்டுவர வேண்டும். தவறினால் பணி நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். நம்மூரில் தானாகவே நடக்கிற ஒரே காரியம் அதுதான்.

"இனிமே நான் உக்காந்து வேலை பாக்கற எடமா தேடிக்கலாம் மாமா" என்றாள் ரேகா. அன்றைக்குக் கேசரி செய்தாள்.

ரேஷன் கார்டு இன்னும் சிதம்பரத்தில் அவன் அப்பா வீட்டு விலாசத்தில் இருந்ததால், சான்றும் சிதம்பரத்தில்தான் வாங்க வேண்டும். காலையில் பஸ் ஏறினான். கண்டக்டர் டிக்கெட்டோடு மீதிச் சில்லறை கொடுத்தார். கண்டக்டர் மீதி கொடுத்ததே ஒரு சகுனம் என்று அவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, முதல் சம்பளத்தில் ரேகாவுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தபடியே சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ராஜாமணி டீக்கடை. டீ மூன்று ரூபாய். கதிரவன் ஒரு இரண்டு ரூபாயும் ஒரு ஒரு ரூபாயும் எடுத்து வைத்தான். ராஜாமணி காசைப் பெட்டியில் போடப் போனவர், நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இது எத்தினி ரூவா?"

"ரெண்டு ரூவாண்ணே."

"ரெண்டு ரூவான்னா ரெண்டு விரலு இல்ல இருக்கணும்? மூணு இருக்குதே."

கதிரவன் வாங்கிப் பார்த்தான். வாஸ்தவம். நிமிர்ந்து நின்ற இரண்டு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருந்தது. கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் சாய்வு. ஆனாலும் பார்த்தால் விரல்தான்.

"பக்கத்துலயே ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்குது பாருங்க."

"நம்பரு படிச்சவங்களுக்கு. எனக்கு விரலுதான்."

பெஞ்சில் பன் தின்றுகொண்டிருந்த ஒருவர் நியாயஸ்தர். எந்த வழக்கானாலும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லக்கூடியவர். "மூணு விரல்னா மூணு ரூவா. தம்பி மொத்தம் நாலு ரூவா குடுத்திருக்காரு. நீதான் ஒரு ரூவா மீதி தரணும் ராஜாமணி" என்றார்.

மீதி என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அது கள்ளக் காசு என்று ராஜாமணிக்கு உறைத்தது. "கள்ளக் காசுய்யா!" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தின் கெட்ட காலமோ கதிரவனின் கெட்ட காலமோ, ஸ்டேஷன் ரைட்டர் காத்தவராயன் தினமும் காசு கொடுக்காமல் டீ குடிக்கிற நேரம் அது. காசு சம்பந்தமான குற்றம் ஒன்று கண்ணெதிரே நடக்கும்போது அவர் எப்படிச் சும்மா இருப்பார்? டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கதிரவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்.

"நானே இங்கதான் சார் வந்துகிட்டு இருந்தேன்" என்று கதிரவன் ஆர்டரைக் காட்டினான்.

காத்தவராயன் படித்துப் பார்த்தார். "நன்னடத்தைச் சான்றுக்கு வந்த ஆளு. வர்ற வழியிலயே கள்ளக் காசு மாத்தியிருக்க. தைரியந்தான்."

"ஒரு டீக்காக யாராவது கள்ளக் காசு அடிப்பாங்களா சார்? ரெண்டு ரூவா அடிக்கறதுக்கு ரெண்டு ரூவாயவிட ஜாஸ்தி செலவாவும்."

"அடிக்கறதுக்கு எவ்ளோ செலவாவும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கதிரவன் அதோடு வாயை மூடிக்கொண்டான். சில பரீட்சைகளில் தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

காத்தவராயன் கெட்டவர் இல்லை. அவருக்கு வீடு திரும்பும்போது எந்த வேலையும் பாக்கி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 'மூன்று விரல்கள் கொண்ட இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைப் பொதுமக்களிடையே புழக்கத்தில் விட முயன்றபோது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"இந்தா பாரு. இது வெளியில அடிச்ச காசுன்னா நீ திருடன். மிண்ட்டுலயே தப்பா அடிச்சதுன்னா நீ யோக்கியன். எது எதுன்னு எனக்குத் தெரியாது. மிண்ட்டு தப்புதான்னு ஒரு ஆபீசர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அடுத்த நிமிஷம் நன்னடத்தை எழுதிக் குடுக்கறேன். ஒம்மேல எனக்கு என்னா கோவம்?"

காசை ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்துக் கதிரவன் கையிலேயே கொடுத்தார். சாட்சியத்தை என்னிடமே தரலாமா என்று அவன் தயங்கினான். "இங்க வச்சா டீக்குப் போயிடும்" என்றார் காத்தவராயன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், மாவட்ட நாணயத் தோற்ற ஒழுங்குப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருப்பதைக் கதிரவன் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தான். அப்படி ஒன்று இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சம்பளத் தேதியில்தான் ஞாபகம் வரும். பிரிவு அலுவலர் பெயர் அமராவதி. ஐம்பது வயசு இருக்கும். காசு என்றால் அவருக்கு உயிர். கவரை உடைத்துக் காசைப் பார்த்ததும் அவர் முகம், பேரப்பிள்ளையைப் பார்த்த மாதிரி மலர்ந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"ஆகா. எங்க கெடைச்சுது இது? அச்சுல விரிசல் விட்டிருக்கு தம்பி. காசு அடிக்கறப்ப அந்த விரிசலுக்குள்ள உலோகம் ஏறி மேடா நின்னுடுச்சு. யாராவது ஒட்டவச்சிருந்தா ஓரத்துல ஒட்டு தெரியும். இதுல பாருங்க, காசோட காசா எழும்பி வந்திருக்கு. எடையும் சரியா இருக்கு. அசல் தப்பு. நூத்துக்கு நூறு அசல்."

கதிரவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனுஷி ஒரு நிமிஷத்தில் அவன் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ரொம்ப நன்றிங்க மேடம். அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க."

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதைத்தான்."

அமராவதி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியும் தம்பி. ஆபீசுக்குத் தெரியாதே."

"நீங்கதானே மேடம் ஆபீஸ்?"

"அரசாங்கம் தப்பு பண்ணிடுச்சுன்னு, அரசாங்கச் சம்பளம் வாங்கற நானே கையெழுத்துப் போடறதா? நாளைக்கி ஆடிட்ல, தப்பு பண்றப்ப நீ எங்க இருந்தேன்னு கேட்டா? வல்லுநர் ஒருத்தர் சொன்னாருன்னா, அவர் சொன்னதா நான் எழுதலாம். அதுல எனக்குப் பயமில்ல."

"எந்த வல்லுநரு மேடம்?"

"எந்தப் படத்துல தப்போ, அந்தப் படத்துக்கு உண்டான வல்லுநர். நெல்லுக்கதிர் படம்னா விவசாயத்துக்கு அனுப்புவோம். கப்பல்னா துறைமுகத்துக்கு. போன வருஷம் சிங்கத்துக்கு மூக்கு இல்லாம ஒரு காசு வந்துச்சு. கால்நடை டாக்டருக்கு அனுப்பினோம்."

"என்னா சொன்னாருங்க?"

"சிங்கம் ஆரோக்கியமா இருக்குன்னு எழுதிக் குடுத்தாரு. ஃபைலை முடிச்சிட்டோம்."

"அப்ப கைக்கு? எலும்பு டாக்டருங்களா?"

"நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா இது பரதநாட்டிய முத்திரையாம். அப்ப நாட்டியக்காரங்கதான் சொல்லணும். சிதம்பரத்துல நாட்டியத்துக்கா பஞ்சம்? போயிட்டு வாங்க."

சிதம்பரம் மேலவீதியில் அப்போது தில்லைநாதன் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். டி.வி.யில் பிள்ளைகள் ஆடுகிற போட்டிகள் வந்த பிறகு, ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தை எல்லாம் ஆடியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. காலையில் குழந்தைகளுக்கு டி.வி.க்கு ஏற்ற மூன்று நிமிஷப் பரதம், மத்தியானம் அவர்களின் அம்மாக்களுக்கு இடுப்புச் சதை குறைகிற பரதம், ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு மன அமைதிப் பரதம் என்று அவர் கலையைக் கூறுபோட்டு வளர்த்துவந்தார். கதிரவன் போனது இடுப்புச் சதை நேரத்தில். இருபது அம்மாக்கள் அரைமண்டியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தில்லைநாதன் காசைப் பார்த்தார். கண்ணை மூடினார். தன் கையைத் தூக்கி முதலில் இரண்டு விரலை நீட்டினார், முகம் சுளித்தார். மூன்றாவது விரலை நீட்டினார், முகம் தெளிந்தது.

"திரிசூல ஹஸ்தம்!" என்றார். இருபது அம்மாக்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இல்லைங்கய்யா, இது மிண்ட்டுல தப்பா அடிச்சது. தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"தில்லையில ஒக்காந்துகிட்டுத் திரிசூலத்தைத் தப்புன்னு எழுதச் சொல்றீங்களா?"

"விரலு சாஞ்சிருக்குதுங்களே?"

"அது நளினம்."

அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழில் வாழ்த்துப்பா ஒன்றும் நிலைப்பாடு ஒன்றும் இருந்தன. நிலைப்பாடு இது: 'மூன்று விரல் நீட்டிய கையே முழுமை பெற்ற முத்திரை. இரண்டு விரல் என்பது ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கை. எனவே மேற்படி நாணயத்தில் பிழை ஏதும் இல்லை. பிழையானது ஏனைய நாணயங்களில் காணப்படுகிறது.'

அந்த அம்மாக்களில் ஒருத்தியின் தம்பி உள்ளூர் கேபிள் டி.வி. நடத்துகிறவன். சாயங்காலமே 'தில்லையில் திரிசூல நாணயம், இரண்டு விரல் நாணயங்கள் பிழை என வல்லுநர் பகீர்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. சிதம்பரம் ஒரே வாரத்தில் தலைகீழாகிவிட்டது.

நம்மூரில் ஒரு காசு செல்லுமா செல்லாதா என்று முடிவுசெய்வது டெல்லி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பாடப்புத்தகம் மட்டும் படித்தவர்கள். முதலில் எந்தக் கடைக்காரர் "வேணாம், வேற குடு" என்று சொல்கிறாரோ, அவர்தான் முடிவுசெய்கிறார். நாலணா அப்படித்தான் செத்தது. அரசாங்கம் துக்கம் விசாரிக்க வந்தது ரொம்பப் பிற்பாடு. இந்த முறை அந்தப் பெருமை ராஜாமணிக்குக் கிடைத்தது. 'இரண்டு விரல் காசு வாங்கப்பட மாட்டாது' என்று அட்டையில் எழுதிப் பால் சட்டிக்கு மேலே தொங்கவிட்டார். டீக்கடை வாங்காததைப் பூக்கடை வாங்குமா? பூக்கடை வாங்காததை ஆட்டோக்காரர் வாங்குவாரா?

அப்போது எழுந்தருளினார் மேலவீதி ஆண்டி பத்தர். தங்கம் விற்ற விலையில் நகை செய்ய ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர். செல்லாத காசுக்கு ஒரு விரல் பற்றவைத்துத் தருவதாக அறிவித்தார். கூலி ஐந்து ரூபாய்.

"ரெண்டு ரூவாக் காசுக்கு அஞ்சு ரூவா கூலியா?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டார்.

"செல்லாத காசு செல்லுதுல்ல?" என்றார் பத்தர். கேட்டவர் வெட்கப்பட்டு வரிசையில் நின்றார்.

அதோடு விட்டார்களா? கல்யாண மண்டபத்து ஃப்ளெக்ஸ் பேனரில் மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார்கள். பியூட்டி பார்லரில் மூன்று விரலுக்கு மட்டும் நகப்பூச்சு பூசி, அதற்கு ஐந்து விரலைவிட ஜாஸ்தி ரேட் வாங்கினார்கள். காலேஜ் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் மூன்று விரலைத் தூக்கினார்கள். ஏன் தூக்குகிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

ரேகாவின் அண்ணன் உத்திராபதி காடாம்புலியூரில் முந்திரி, பலா வியாபாரி. ஒருநாள் முந்திரி மூட்டை கட்டுகிற சாக்கில் காசை நிரப்பிக்கொண்டு கதிரவன் வீட்டில் வந்து இறங்கினார்.

"மச்சான், பலாப்பழம் வாங்க வர்றவன்கூட மூணு விரலுதான் கேக்கறான். அதான் எல்லாத்துக்கும் ஒட்டிக்கலாம்னு பத்தர்கிட்டப் போறேன். எங்க, ஒன்னுதைக் காட்டு."

கதிரவன் காட்டினான். உத்திராபதி உதட்டைப் பிதுக்கினார். "என்னா மச்சான் இது, சாஞ்சி கெடக்குது? ஒல்லியா வேற இருக்குது. பத்தர் வைக்கற விரலப் பாத்தியா, எப்பிடி நிக்குது! மட்டமான எடத்துல ஒட்டியிருக்க நீ."

"இது ஒட்டினது இல்ல மச்சான். இதான் அசலு."

"யார்கிட்டக் கதை வுடற? அசலு இப்பிடியா இருக்கும்?"

பக்கத்தில் நின்ற ரேகாகூடக் காசை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். கதிரவனுக்கு அதுதான் ஜாஸ்தி வலித்தது. முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடை முதலாளியிடம் வேலையை விடப்போவதாக அவள் சொல்லியும்விட்டாள்.

தப்பே இல்லை என்கிற வல்லுநர் சான்றை எப்படிக் காட்டுவது என்று இத்தனை நாள் தயங்கியவன், அதை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் ஓடினான். அமராவதியின் மேஜை முழுக்க மூன்று விரல் காசுகள் குவிந்து கிடந்தன. ஊரில் பாதிப்பேர் தங்கள் காசு அசல்தானா என்று கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அமராவதிக்கு ஒரே வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"தம்பி, உங்க வல்லுநர் மத்த கவர்மெண்டு காசெல்லாம் தப்புன்னுல்ல எழுதியிருக்காரு, அதை ஃபைல்ல சேக்க முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கு. விதிப்படி, வந்த காசுகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும். ஒப்பிட்டுப் பாத்தோம். எல்லாக் காசுலயும் மூணாவது விரல் நேரா, தடியா, ஒரே மாதிரி இருக்கு. உங்க ஒருத்தருதுதான் ஒத்துப்போகல."

"மேடம், அதெல்லாம் ஆண்டி பத்தர் ஒட்டினது!"

"எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணுலயும் ஒட்டு பல்லைக் காட்டுது. ஆனா மெஜாரிட்டி அது. மெஜாரிட்டியைப் போலின்னு எழுதினா ஊரே குற்றவாளின்னு ஆயிடும். உங்களை மட்டும் போலின்னு எழுதினா ஒரே ஆளோட போயிடும். ஆபீஸ் எதை விரும்பும்னு நீங்களே சொல்லுங்க."

கதிரவன் உடைந்துபோனான். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "மேடம், என் பொண்டாட்டி இத்தினி வருஷமா நின்னுகிட்டே எனக்குச் சோறு போட்டா. ஒரு நாள்கூட மொகம் சுளிக்கல. இந்த வேலைய நம்பி அவ வேலையயும் விட்டுட்டா. நான் ஒரு டீதான் மேடம் குடிச்சேன்."

அமராவதிக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் நிஜமாகவே நல்லவர். அதுதான் இந்தக் கதையில் பெரிய தொந்தரவு. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார். திரும்பியபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒரு வழி இருக்கு. தப்பு இருக்குன்னுதானே நான் எழுதக் கூடாது? தப்பு இல்லைன்னு எழுதலாமே. எத்தினி கையெழுத்து வேணும்னாலும் போடறேன், யாரும் கேக்க மாட்டாங்க."

"ஆனா தப்பு இருக்குதே மேடம்."

"திருத்திட்டா?"

கதிரவனுக்குப் புரிவதற்குள் அலுவலக உதவியாளர் காசோடு கீழே இருந்த லேத் பட்டறைக்குப் போய்விட்டார். அரைமணியில் காசு திரும்பி வந்தது. மூன்றாவது விரலை வழவழவென்று இழைத்து எடுத்திருந்தார்கள். கையில் இரண்டே விரல். அமராவதி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு தப்பை நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார், இழவு வீட்டில் பேசுகிற குரலில். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'மேற்படி நாணயம் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டதில் எவ்விதப் பிழையும் இல்லை என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்தி, மறுபடி அரக்கு வைத்துக் கொடுத்தார்.

முதல் தேதிக்கு முந்தைய நாள். காத்தவராயன் சான்றைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "பிழை இல்ல. ரொம்ப சந்தோஷம்." கவரைப் பிரித்துக் காசைக் கொட்டினார். தலையாட்டுவது நின்றது.

"என்னா தம்பி, ரெண்டு விரலுதான் இருக்குது?"

"ஆமாங்க சார். தேய்ச்சுட்டாங்க."

"நான் எழுதியிருக்கறது மூணு விரல். நீ கொண்டாந்திருக்கறது ரெண்டு விரல். சாட்சியத்தைக் கலைச்சிருக்க. காசைத் தேய்ச்சது தனிக் குத்தம். ஆபீசர் தேய்ச்சாங்கன்னு எழுதலாம்னா, நல்ல பொம்பளை, அவுங்க வேலை போயிடும். எழுதட்டுமா?"

"வேணாங்க சார்."

"அதுவுமில்லாம, இன்னிக்கி இந்த ஊர்ல ரெண்டு விரல் காசு வச்சிருக்கறவனைத்தான் ஏமாத்துக்காரன்னு ஒதைக்கறாங்க. காலையிலகூட ராஜாமணி கடையில ஒருத்தன் மாட்டினான். நான் எப்பிடி ஒனக்கு நல்லவன்னு எழுதறது?"

கதிரவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அழுவதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. காத்தவராயன் அவனைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார்.

"பத்தர் கடை தெறந்துதான் இருக்கும்" என்றார்.

மேலவீதியில் வரிசை தேரடி வரைக்கும் நின்றது. அவன் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆண்டி பத்தர் காசை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க ஏற்கெனவே ஒரு விரல் இருந்திருக்கும் போலிருக்குதே?"

"இருந்துச்சு."

"யாரோட வேலை அது?"

"கவர்மெண்டு வேலைங்க."

"அதான் நிக்கல" என்று சொல்லிக்கொண்டே பத்தர் ஊதுகுழலை எடுத்தார். நேராக, தடியாக, உத்திராபதி பார்த்தால் மெச்சும்படியாக ஒரு விரலைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

காத்தவராயன் வீட்டுக்குக் கிளம்பாமல் காத்திருந்தார். சொன்னேனே, அவர் கெட்டவர் இல்லை. தான் எழுதியதைப் படித்தார்: மூன்று விரல். காசைப் பார்த்தார்: மூன்று விரல். அமராவதியின் சான்றைப் பார்த்தார்: பிழை இல்லை. மூன்றும் ஒத்துப்போனதில் அவருக்கு ஏற்பட்ட மனநிறைவு முகத்தில் தெரிந்தது. காசு அசலாக இருந்த வரைக்கும் சந்தேகத்துக்குரியவனாக இருந்த கதிரவன், அது போலியான அன்றைக்கு நன்னடத்தை உள்ளவன் என்று எழுத்துப்பூர்வமாக நிரூபணமானான். மறுநாள் குறித்த நேரத்தில் வேலையில் சேர்ந்தான்.

அவனுக்குக் கவுன்டரில் இடம் கொடுத்தார்கள். மேலே மின்விசிறி, கீழே சுழலும் நாற்காலி. மனுவை வாங்கி, இரண்டு ரூபாய் கட்டணம் வாங்கி, ரசீது கொடுக்கிற வேலை. ரேகா முதல் நாள் மத்தியானம் சோற்று டப்பாவோடு கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அவன் உட்கார்ந்திருக்கிற அழகைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். "நல்லா இருக்குது மாமா" என்றாள். நிற்கும்போதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கதிரவனுக்கு இந்த நாற்காலியை இனி உயிர் போனாலும் விடக் கூடாது என்று தோன்றியது. விடாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்வது என்று அந்தக் கணமே முடிவுசெய்துகொண்டான்.

அவள் போன பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயலில் தண்ணீர் நிற்கிறது என்று மனு. வேட்டி முடிச்சை அவிழ்த்துப் புத்தம்புதிதாக ஒரு இரண்டு ரூபாய்க் காசை எடுத்துக் கம்பிக்குள் தள்ளினார்.

கதிரவன் காசை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டே விரல். மெதுவாகத் திருப்பித் தள்ளினான்.

"வேற காசு குடுங்க பெரியவரே."

"ஏன் தம்பி? காலையிலதான் பேங்க்குல குடுத்தாங்க. கவர்மெண்டு காசுதான்?"

"அதை நீங்க சொல்லக் கூடாதுங்க. நாங்க சொல்லணும்."

பெரியவர் காசைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இதுல என்னா தப்பு தம்பி இருக்குது?"

"ஒரு தப்பும் இல்லைங்க" என்றான் கதிரவன், ரசீதுப் புத்தகத்தை மூடிக்கொண்டே. "அதனாலதான் வாங்க முடியல."